ஓப்ரா வின்ஃப்ரேயின் பணம் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் டாக் ஷோ தொகுப்பாளர் ஓப்ராவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஏழைப் பெண், கண்ணீர், பேட்டி, கோடீஸ்வரி என்று நான்கு வார்த்தையில் கதையை முடித்துவிடுகிறார்கள். நடுவில் ஒரு பெரிய விஷயம் விட்டுப்போகிறது. டிவியில் பிரபலமானவர்கள் நிறையப் பேர் உண்டு, அவர்களில் பெரும்பாலோர் இந்த அளவு பணக்காரர் ஆகவில்லை. இவர் மட்டும் எப்படி ஆனார்? பலரும் கேட்கிற கேள்விகளை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஓப்ரா என்பது அவருடைய உண்மையான பெயரா?

வைத்த பெயர் ஓர்பா. பைபிளில் ரூத்தின் கதையில் வரும் பெண்ணின் பெயர். சுற்றியிருந்தவர்களுக்கு அது வாயில் நுழையவில்லை, ஓப்ரா ஓப்ரா என்றே கூப்பிட்டார்கள், அதுவே நின்றுவிட்டது. அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் ஹார்ப்போ என்று வரும். அவருடைய கம்பெனிக்கு அதுதான் பெயர்.

சின்ன வயதில் அவ்வளவு கஷ்டப்பட்டாரா?

ஆமாம். 1954 ஜனவரி 29 அன்று மிசிசிப்பி மாநிலத்தில் கோஸியஸ்கோ என்ற சின்ன ஊரில் பிறந்தார். ஆறு வயது வரை பாட்டி வீடு. மூன்று வயதிலேயே வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பாட்டிதான். சர்ச்சில் பைபிள் வசனங்களை ஒப்பிக்கச் சொல்வார்கள், குழந்தை தயங்காமல் எழுந்து நின்று சொல்லும். கூட்டத்தின் முன்னால் வாய் திறக்கும் பயம் அங்கேயே போயிருக்க வேண்டும்.

பிறகு மில்வாக்கியில் வீட்டுவேலை செய்துவந்த அம்மாவிடம் போனார். அங்கே ஒன்பது வயதிலிருந்து உறவினர்களாலும் குடும்பத்துக்குத் தெரிந்தவர்களாலும் பாலியல் கொடுமைக்கு ஆளானதை அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். 14 வயதில் கர்ப்பமானார். குறைமாதத்தில் பிறந்த குழந்தை சீக்கிரமே இறந்துபோனது.

நாஷ்வில் நகரத்தில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த அப்பா வெர்னன் வின்ஃப்ரேயிடம் போனதும் வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்தது. படிப்பு விஷயத்தில் அப்பா மிகவும் கண்டிப்பு. நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து படிக்க வேண்டும், படித்ததைப் பற்றி எழுதியும் காட்ட வேண்டும். பேச்சுப் போட்டியில் ஜெயித்துத்தான் டென்னஸி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவித்தொகை வாங்கினார்.

டிவிக்கு எப்படி வந்தார்?

முதலில் ரேடியோ. பள்ளியில் படிக்கும்போதே நாஷ்வில் நகரத்தின் ஒரு வானொலி நிலையத்தில் பகுதிநேரமாகச் செய்தி வாசித்தார். அடுத்து அதே ஊர் டிவியில் செய்தி வாசிப்பாளர். அந்த நிலையத்தில் செய்தி வாசித்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான். வயதிலும் எல்லோரையும்விடச் சின்னவர்.

பால்டிமோரில் வேலையை விட்டுத் தூக்கினார்களாமே?

கிட்டத்தட்ட அப்படித்தான். 1976-ல் பால்டிமோரின் டபிள்யூஜேஇசட் நிலையம் அவரை மாலை ஆறு மணிச் செய்திக்கு எடுத்தது. எட்டு மாதம்கூட முழுதாக ஓடவில்லை, அந்த நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்கள். தீ விபத்தில் எல்லாவற்றையும் இழந்து நிற்கும் குடும்பத்திடம் மைக்கை நீட்ட அவருக்கு மனசு வரவில்லை. செய்தி சேகரிக்கப் போன இடத்தில் அழுதுவிடுவார். தோற்றத்தை மாற்றச் சொல்லி நிலையத்தார் நியூயார்க் அனுப்பினார்கள். அங்கே தலைமுடியில் ரசாயனம் போட்டு முடியெல்லாம் கொட்டிப்போனது. 22 வயதுப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய அவமானமாக இருந்திருக்கும்!

ஒப்பந்தம் இருந்ததால் முழுதாக அனுப்பிவிட முடியவில்லை. 1978-ல் காலை நேரத்து டாக் ஷோ ஒன்றில், ரிச்சர்ட் ஷெர் என்பவரோடு சேர்ந்து நடத்தச் சொல்லி உட்கார வைத்தார்கள். நிலையத்தின் பார்வையில் அது பதவி இறக்கம். ஆனால் முதல் நாள் நிகழ்ச்சி முடிந்ததும், நான் இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று தெரிந்துவிட்டது என ஓப்ரா பலமுறை சொல்லியிருக்கிறார். செய்தியில் குறையாகத் தெரிந்த அழுகையும் இரக்கமும் டாக் ஷோவில் அவருடைய மூலதனம் ஆயின.

சிகாகோவில் என்ன நடந்தது?

1984 ஜனவரியில் சிகாகோவின் டபிள்யூஎல்எஸ் நிலையத்தில், ரேட்டிங்கில் கடைசியில் கிடந்த ஓர் அரைமணிநேரக் காலை நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டார். எதிரே ஃபில் டோனஹ்யூ. டாக் ஷோ என்றாலே அன்று அமெரிக்காவுக்கு அவர்தான், அதுவும் அவர் இருந்தது அதே சிகாகோவில். அவரை எதிர்த்து யாரும் நிற்க முடியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். சில மாதங்களில் ஓப்ரா அவரை முந்திவிட்டார். அடுத்த ஆண்டு நிகழ்ச்சி ஒரு மணிநேரம் ஆனது, பெயரும் ஓப்ரா வின்ஃப்ரே ஷோ என்று மாறியது.

அதே 1985-ல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'த கலர் பர்ப்பிள்' படத்தில் நடித்தார். சிகாகோ வந்திருந்த இசையமைப்பாளர் க்வின்ஸி ஜோன்ஸ் டிவியில் அவரைப் பார்த்துவிட்டுத்தான் அந்த வேடத்துக்குச் சொன்னார். முதல் படத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

சரி, பெரிய பணம் எங்கிருந்து வந்தது? சம்பளமா?

சம்பளத்தால் மட்டும் இந்த அளவு பணம் சேர்ந்திருக்காது. இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க டிவியில் சிண்டிகேஷன் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே ஒவ்வோர் ஊரிலும் உள்ளூர் டிவி நிலையங்கள் உண்டு. ஏபிசி, சிபிஎஸ், என்பிசி போன்ற பெரிய நெட்வொர்க்குகள் இரவு நேர நிகழ்ச்சிகளை அவற்றுக்குத் தரும். பகலில் பல மணிநேரம் நிலையத்தாரே எதையாவது வாங்கி நிரப்ப வேண்டும். அந்த இடத்துக்கு நிகழ்ச்சிகளை ஊர் ஊராக, நிலையம் நிலையமாக விற்பதுதான் சிண்டிகேஷன். நிலையம் வாராவாரம் உரிமைக் கட்டணம் கொடுக்கும். அதோடு, நிகழ்ச்சியின் நடுவில் வரும் விளம்பர நேரத்தில் ஒரு பகுதியை விற்பனைக் கம்பெனியே வைத்துக்கொண்டு நாடு முழுதுக்கும் விற்கும். ஒரே எபிசோடுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களிலிருந்து பணம் வரும்.

இந்த வழியை ஓப்ராவுக்குச் சொன்னவர்களில் ஒருவர், இன்னொருவரோடு சேர்ந்து டிவியில் நிகழ்ச்சி நடத்திவந்த சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட். அவர் எழுதியிருக்கும் சம்பவம் இது. இருவரும் சாப்பிடப் போனபோது ஈபர்ட் ஒரு பேப்பர் நாப்கினை எடுத்துக் கணக்குப் போட்டார். என் நிகழ்ச்சி அரை மணிநேரம், உன்னுடையது ஒரு மணிநேரம், ஆக 2 மடங்கு. என்னுடையது வாரத்தில் ஒரு நாள், உன்னுடையது ஐந்து நாள், ஆக 10. நாங்கள் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறோம், நீ ஒருத்திதான், ஆக 20. உன் ரேட்டிங் குறைந்தது இரண்டு மடங்கு இருக்கும், ஆக 40. ஈபர்ட்டின் வருமானத்தைப் போல 40 மடங்கு! சிண்டிகேஷனுக்குப் போவதென்று ஓப்ரா முடிவெடுத்தார். அந்த நாப்கின் கணக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். தனக்குத் தெரிந்த தொழில் ரகசியத்தை ஒளிக்காமல் சொன்ன ஒரு மனிதர், அதைக் கேட்டு உடனே செய்த ஒரு பெண்.

கிங் வேர்ல்டு என்ற விற்பனைக் கம்பெனி மூலம் 1986 செப்டம்பர் 8 அன்று நிகழ்ச்சி நாடு முழுதும் ஓட ஆரம்பித்தது.

நிலையங்கள் ஏன் இவ்வளவு பணம் கொடுத்தன என்றால், அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல ஊர்களில் ஓப்ரா ஷோ மாலை 4 மணிக்கு வரும். 5 மணிக்கு உள்ளூர்ச் செய்தி. 4 மணிக்கு உட்கார்ந்தவர்கள் சேனலை மாற்றாமல் செய்தியையும் பார்ப்பார்கள். உள்ளூர் நிலையத்துக்கு விளம்பர வருமானம் அதிகம் வருவது செய்தியில்தான். ஓப்ரா எதிர்ச் சேனலுக்குப் போனால் செய்தியின் ரேட்டிங்கும் சேர்ந்து போகும். அதனால் ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் கேட்ட விலையைக் கொடுத்தார்கள்.

அந்தப் பணம் முழுதும் அவருக்கே வந்ததா?

ஆரம்பத்தில் இல்லை. நிகழ்ச்சி ஏபிசி குழுமத்துக்குச் சொந்தம். அதை மாற்றியதில் ஜெஃப் ஜேக்கப்ஸ் என்ற சிகாகோ வழக்கறிஞருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒப்பந்தம் பேச வந்தவர், நீ சம்பளம் வாங்கும் ஆளாக இருக்க வேண்டாம், உனக்கென்று கம்பெனி வைத்துக்கொள் என்று சொன்னார். 1986-ல் ஹார்ப்போ புரொடக்‌ஷன்ஸ் உருவானது. 1988-ல் நிகழ்ச்சியின் உரிமையும் தயாரிப்புப் பொறுப்பும் ஹார்ப்போவின் கைக்கு வந்தன. அதே ஆண்டு சிகாகோவின் மேற்குப் பகுதியில் ஒரு கட்டடத்தை வாங்கி ஸ்டுடியோ ஆக்கினார். அமெரிக்கப் பொழுதுபோக்குத் துறையில் மேரி பிக்ஃபோர்ட், லூசில் பால் இருவருக்குப் பிறகு சொந்த ஸ்டுடியோ வைத்த மூன்றாவது பெண் ஓப்ரா.

என்னைக் கேட்டால் அவருடைய தொழில் வாழ்க்கையின் பெரிய ஆண்டு 1988. கேமராவுக்கு முன்னால் அதே முகம், அதே மைக். பார்ப்பவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. ஆனால் நேற்று வரை அவர் நிகழ்ச்சியில் வேலை செய்பவர், இன்று நிகழ்ச்சிக்குச் சொந்தக்காரர். ஒவ்வோர் ஊரிலிருந்தும் வரும் பணத்தில் கிங் வேர்ல்டின் பங்கு போக மீதி ஹார்ப்போவுக்கு. பிற்பாடு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது கிங் வேர்ல்டின் பங்குகளை வாங்கும் உரிமையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவருடைய உழைப்பால் விற்பனைக் கம்பெனி வளர்ந்தால் அந்த லாபத்திலும் அவருக்கு ஒரு பங்கு.

ஹார்ப்போவை அவர் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோகவே இல்லை. 2002-ல் ஃபார்ச்சூன் பத்திரிகை எழுதியபோது 90 சதவீதம் ஓப்ராவிடம், 10 சதவீதம் ஜேக்கப்ஸிடம் இருந்தது. தன் பெயரைப் பொருட்கள்மேல் போட்டு விற்கும் உரிமையையும் பல ஆண்டுகள் யாருக்கும் தரவில்லை. வாசனைத் திரவியத்திலும் துணியிலும் பெயரைப் போட்டிருந்தால் உடனே பணம் கொட்டியிருக்கும்.

அவர் வியாபாரத்தில் கெட்டிக்காரரா, அல்லது வக்கீல்தான் எல்லாம் செய்தாரா?

எனக்கு பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதே காலத்தில் 1,000 டாலருக்கு மேல் போகும் ஒவ்வொரு காசோலையிலும் தானே கையெழுத்துப் போட்டார். எல்லாம் கையை விட்டுப் போய்த் தெருவுக்கு வந்துவிடுவோமோ என்ற பயத்தில் 5 கோடி டாலரை ரொக்கமாக ஒதுக்கி வைத்திருந்தார். சின்ன வயதில் இல்லாமையைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் நன்றாகப் புரியும். பணம் வந்த பிறகும் அது போவதில்லை.

நல்ல ஆலோசனை சொல்பவர்கள் எல்லாப் பிரபலங்களுக்கும் கிடைக்கிறார்கள். கேட்டு, துணிந்து கையெழுத்துப் போட்டது அவர்தானே? நிகழ்ச்சி தோற்றிருந்தால் நஷ்டமும் அவருடையதாக ஆகியிருக்கும்.

எப்போது பில்லியனர் ஆனார்?

2003-ல் ஃபோர்ப்ஸ் பட்டியலில் 100 கோடி டாலர் சொத்தோடு இடம்பிடித்தார். அந்தப் பட்டியலில் வந்த முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் அவர்.

எல்லோருக்கும் கார் கொடுத்தாரே, அது அவருடைய பணமா?

இல்லை. 2004 செப்டம்பர் 13 அன்று அரங்கில் இருந்த 276 பேருக்கும் போன்டியாக் ஜி6 கார் கிடைத்தது. கார்களைக் கொடுத்தது போன்டியாக் கம்பெனி. புது மாடல் சந்தைக்கு வந்த நேரம், அவர்களுக்கு அது விளம்பரம். அப்புறம்தான் ஒரு சிக்கல் வெளியே வந்தது. அமெரிக்க வரிச் சட்டப்படி பரிசும் வருமானம்தான். விற்பனை வரியைக் கம்பெனி கட்டியும், வருமான வரியாக ஒவ்வொருவரும் 7,000 டாலர் வரை கட்ட வேண்டிவந்தது. சொந்தமாகக் கார் வாங்க வசதி இல்லாதவர்களாகப் பார்த்து அழைத்திருந்தார்கள் என்பதால் இது இன்னும் உறுத்துகிறது. ஓப்ராவின் ரசிகர்கள் இந்தக் கேள்வியை மறைக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

புத்தகங்களைப் பரிந்துரைக்கக் காசு வாங்கினாரா?

வாங்கவில்லை. 1996 செப்டம்பரில் புத்தகச் சங்கம் ஆரம்பித்தார். அவர் ஒரு நாவலைக் கையில் எடுத்துக் காட்டினால் லட்சக்கணக்கில் விற்கும், பதிப்பகங்கள் அவசரமாக மறுபதிப்புப் போடும். விற்பனையில் அவர் பங்கு கேட்கவில்லை. இந்த நம்பிக்கைதான் 2000-ல் ஹெர்ஸ்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 'ஓ' பத்திரிகையை ஆரம்பித்தபோது பலன் தந்தது. அட்டையில் கிட்டத்தட்ட எல்லா மாதமும் அவர் படம்தான் வந்தது. 2020 டிசம்பர் வரை மாத இதழாக வந்தது.

சொந்த சேனல் என்ன ஆனது?

முதல் இரண்டு ஆண்டுகள் திணறியது. டாக் ஷோ 25 சீசன், 4,561 எபிசோடு ஓடி 2011 மே 25 அன்று முடிந்தது. அதற்குமுன் அதே ஆண்டு ஜனவரி 1 அன்று டிஸ்கவரி நிறுவனத்தோடு பாதிக்குப் பாதி கூட்டாக ஓன் சேனலைத் தொடங்கிவிட்டார். ஒரு மணிநேர நிகழ்ச்சி நடத்துவது வேறு, நாள் முழுதும் ஓடும் சேனலை நிரப்புவது வேறு. பார்ப்பவர்கள் ஓப்ராவைத் தேடி வந்தார்கள், அவரோ டாக் ஷோவின் கடைசி மாதங்களில் மூழ்கியிருந்தார். 2012-ல் ஆட்குறைப்பு நடந்தது. தினமும் பத்திரிகைகளில் தோல்வி தோல்வி என்று எழுதினார்கள். 2013-ல் டைலர் பெர்ரியின் நாடகத் தொடர்கள் வந்த பிறகு, கறுப்பினப் பெண்கள் விரும்பிப் பார்க்கும் சேனலாக அது தலைநிமிர்ந்தது.

2017-ல் சேனலின் சுமார் கால்வாசியை, அதாவது தன் பங்கில் கிட்டத்தட்ட பாதியை, 7 கோடி டாலருக்கு டிஸ்கவரிக்கு விற்றார். 2020-ல் மிச்சத்தில் பெரும்பகுதியையும் டிஸ்கவரியின் பங்குகளுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டார்.

வெயிட் வாட்சர்ஸ் பங்கில் லாபமா, நஷ்டமா?

அவருக்கு நல்ல லாபம். வெயிட் வாட்சர்ஸ் என்பது உணவுக் கட்டுப்பாட்டின் மூலம் எடை குறைக்க வழிகாட்டும் கம்பெனி. 2015 அக்டோபரில் 4.32 கோடி டாலர் கொடுத்து 10 சதவீதப் பங்கு வாங்கினார், ஒரு பங்கு 6.79 டாலர் விலையில். செய்தி வந்த அன்றே பங்கின் விலை இரண்டு மடங்கானது. 2018-ல் 100 டாலரைத் தொட்டது, அந்த ஆண்டே ஒரு பகுதியை விற்றார்.

எடையைக் குறைக்க மருந்து எடுத்துக்கொள்வதாக 2023 டிசம்பரில் சொன்னார். அடுத்த பிப்ரவரியில் இயக்குநர் குழுவிலிருந்து விலகப்போவதாக அறிவித்ததும் பங்கு விழுந்தது. கையில் இருந்த பங்குகளை வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். 2025 மே மாதம் அந்தக் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அவர் பெயரை நம்பி விலை ஏறிய நேரத்தில் பங்கு வாங்கிய சாதாரண மக்களுக்குப் பணம் போயிருக்கும். சட்டப்படி இதில் ஓப்ராவின் தவறு எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு இது மனதுக்கு ஒப்பவில்லை.

இப்போது எவ்வளவு சொத்து?

ஃபோர்ப்ஸ் மதிப்பீட்டில் சுமார் 300 கோடி டாலர். இந்திய ரூபாயில் 25,000 கோடியைத் தாண்டும். இதில் நிலமும் வீடுகளும் கணிசம். கலிஃபோர்னியாவின் மான்டசீட்டோவில் 2001-ல் சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கிய எஸ்டேட் இருக்கிறது, ஹவாயின் மாவி தீவில் நிலம் இருக்கிறது.

தர்மம் எவ்வளவு செய்திருக்கிறார்?

நிறைய. நெல்சன் மண்டேலாவுக்குக் கொடுத்த வாக்கின்படி தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க் அருகே ஏழைப் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியை 4 கோடி டாலர் செலவில் கட்டி 2007 ஜனவரியில் திறந்தார். முதலில் 1 கோடி என்று சொல்லி ஆரம்பித்தது. அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரிக்குக் கொடுத்த உதவித்தொகை 2019-ல் மொத்தம் 2.5 கோடி டாலரை எட்டியது. மேலே சொன்ன அருங்காட்சியகத்துக்கும் 2 கோடிக்கு மேல் கொடுத்திருக்கிறார்.

அவர்மேல் என்ன குறை சொல்கிறார்கள்?

முக்கியமானது மருத்துவ விஷயம். உளவியல் ஆலோசனை சொல்லும் டாக்டர் ஃபில், இதய அறுவை சிகிச்சை மருத்துவர் டாக்டர் ஆஸ் இருவரும் அவர் மேடையில் வளர்ந்து தனி நிகழ்ச்சி வாங்கியவர்கள், ஹார்ப்போவுக்கும் அதில் வருமானம். எடை குறைக்கும் பொருட்களை அற்புதம் என்று புகழ்ந்ததற்காக 2014-ல் டாக்டர் ஆஸை அமெரிக்க செனட் குழு கடுமையாகக் கேள்வி கேட்டது. தடுப்பூசியைப் பற்றித் தவறான பயத்தைக் கிளப்பியவர்களுக்கும் ஓப்ராவின் சோபாவில் இடம் கிடைத்தது. ஒரு கோடிப் பேர் நம்பிப் பார்க்கும் இடத்தில் யாரை உட்காரவைக்கிறோம் என்பதில் அவர் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும். அவரை மதிப்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

தானாக உயர்ந்தவர் என்று சொல்வது சரியா?

சொத்தைப் பொறுத்தவரை சரிதான். பரம்பரைப் பணம் ஒரு டாலர்கூட இல்லை. ஆனால் தனியாள் என்று சொல்ல முடியாது. படிக்கச் சொல்லிக்கொடுத்த பாட்டி, புத்தகம் கையில் கொடுத்த அப்பா, வழி சொன்ன ஈபர்ட், ஒப்பந்தம் எழுதிய ஜேக்கப்ஸ் எல்லோரும் இருக்கிறார்கள். டெப்ரா டிமாயோ என்ற தயாரிப்பாளரை அதிகம் பேருக்குத் தெரியாது. பால்டிமோரில் ஓப்ராவோடு வேலை பார்த்தவர். சிகாகோ வேலைக்கு விண்ணப்பித்தபோது அவர் அனுப்பிய டேப்பில் ஓப்ரா இருந்தார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நிலையத்தின் மேலாளர் டென்னிஸ் ஸ்வான்சன் ஓப்ராவைக் கூப்பிட்டார்.

சிகாகோ போனால் அந்த ஸ்டுடியோவைப் பார்க்க முடியுமா?

முடியாது. 2014-ல் விற்றுவிட்டார். 2016-ல் கட்டடத்தை இடித்தார்கள். இப்போது அந்த இடத்தில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கிறது.